'முறைப்பாடு' என்ற சொல்லை எடுத்துவிடலாமா?

சென்ற இதழில் வேதாகமத் தமிழ் பற்றி நண்பர் ஒருவர் எழுதிய கட்டுரையை ரெக்ஸ்டேலில் நாங்கள் பத்துப் பதினொரு பேர் கூடியிருந்து வாசித்தோம். கிப்ளிங் அவெனியூவுக்குப் பக்கத்திலுள்ள ஒரு அப்பாட்மென்ற் கட்டடத்தின் கீழ்த்தள மண்டபம். பியர்சன் விமான நிலையத்துக்கு இறங்கும் விமானங்கள் தலைக்கு மேலாலே போகும்போதெல்லாம் வாசிப்பவர் நிறுத்திவிட்டுத் தொடரவேண்டியிருந்தது. வந்திருந்தவர்களிற் பாதிப்பேர் கிறிஸ்தவர்கள். மீதிப்பேர் என்னைப்போலச் சைவர்களாய்ப் பிறந்து, இப்போது எதுவென்று கேட்டால் கொஞ்சம் யோசித்துப் பதில் சொல்கிறவர்கள். கட்டுரை நன்றாக எழுதப்பட்டிருந்தது. அதனாலேயே அதற்கு ஒரு மறுப்பு எழுதவேண்டும் என்று தோன்றியது.

நண்பரின் வாதம் இதுதான். ஏசாயா ஐந்தாம் அதிகாரத்தில், திராட்சத்தோட்டப் பாட்டின் முடிவில் (ஏழாம் வசனம்), எபிரேய மூலத்தில் இரண்டு சொற்சோடிகள் வருகின்றன. கடவுள் 'மிஷ்பாத்'தை எதிர்பார்த்தார், கண்டது 'மிஸ்பாஹ்'. 'செதாக்கா'வை எதிர்பார்த்தார், கேட்டது 'செஆக்கா'. இந்தச் சொல்லடி முழுவதும் தமிழிற் காணாமற்போய்விட்டது. எங்கள் வீடுகளில் இருந்த பழைய வேதாகமம் மிஸ்பாஹுக்குக் 'கொடுமை' என்றும் செஆக்காவுக்கு 'முறைப்பாடு' என்றும் போட்டு ஒப்பேற்றிவிட்டது. முறைப்பாடு என்பது பொலிஸ் நிலையச் சொல். அதை எடுத்துவிட்டு 'ஓலம்' அல்லது 'கதறல்' என்று போடவேண்டும் என்கிறார்.

முதற் பாதியில் நண்பர் சொல்வது சரி. இரண்டாம் பாதியில் அவர் தவறு செய்கிறார், அதுவும் சின்னத் தவறல்ல என்பது எனது அபிப்பிராயம்.

முதலில் மிஸ்பாஹ். எபிரேய வேதாகமம் முழுவதிலும் இந்தச் சொல் ஒரேயொரு தடவைதான் வருகிறது. மிஷ்பாத் நானூறுக்கும் மேற்பட்ட தடவை வருகிறது. நியாயம், தீர்ப்பு, வழக்கு, ஒருவருக்கு உரித்தானது என்று இடத்துக்கு இடம் பொருள் விரியும் சொல் அது. ஒரே தடவை வருகிற சொல்லுக்குப் பொருள் காண்பதென்றால் பக்கத்துச் சொற்களையும் பக்கத்து மொழிகளையும் பிடித்துக்கொண்டுதான் நடக்கவேண்டும். கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் 'சட்டமின்மை' என்ற பொருள்படும் சொல்லைப் போட்டார்கள். இலத்தீனில் ஜெரோம் 'அநீதி' என்றார். 1611ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமம் 'ஒடுக்குமுறை' என்று எழுதிவிட்டு, மூலத்தில் இருப்பது 'பொருக்கு' என்று ஓரத்திலே குறிப்பும் வைத்தது. லேவியராகமத்தில் தோல் நோய்களைச் சொல்லுமிடத்தில் 'மிஸ்பாஹத்' என்றொரு சொல் உண்டு (எங்கள் பழைய வேதாகமத்தில் அது 'அசறு'), அதோடு முடிச்சுப் போட்டதால் வந்த குறிப்பு. வேறு சிலர் 'சேர்த்துக்கொள்ளுதல்' என்ற பொருளுள்ள வினையடியிலிருந்து இதை விளக்குகிறார்கள். அடுத்த வசனமே வீட்டோடு வீட்டையும் வயலோடு வயலையும் சேர்த்துக்கொள்கிறவர்களைச் சபிப்பதால் இது ஒதுக்கித் தள்ளக்கூடிய விளக்கமல்ல. ஊரில் வேலியைத் தள்ளித் தள்ளிப் போட்டுக் காணி சேர்த்தவர்களைக் கண்ட எமக்கு அந்த வசனத்துக்கு உரை தேவையில்லை.

இன்று பெரும்பாலானோர் ஏற்றுக்கொள்வது 'இரத்தஞ் சிந்துதல்' என்ற பொருள். இதற்கு ஆதாரம் அரபு மொழி. ஊற்றுதல், சிந்துதல் என்ற பொருளில் 'ஸஃபஹ' என்ற வினை அங்கே உண்டு. இதை நான் புத்தகத்தில் வாசித்திருந்தேன். ஆனால் நம்பிக்கை வந்தது என்னோடு கிடங்கில் இரவு வேலை செய்யும் சோமாலியர் ஒருவர் மூலமாகத்தான். சின்ன வயதிலேயே குர்ஆன் ஓதப் படித்தவர். சாப்பாட்டு நேரத்தில் இந்த எழுத்துக்களைச் சொல்லி, இப்படி ஒரு சொல் தெரியுமா என்று கேட்டேன். உடனே 'மஸ்ஃபூஹ்' என்றார். எது உண்ணலாம் எது உண்ணக்கூடாது என்று சொல்லும் வசனத்தில், அறுக்கும்போது பீறிட்டுச் சிந்துகிற இரத்தத்துக்கு அந்தச் சொல் வருகிறதாம். 'ஸஃபாஹ்' என்றால் இரத்தஞ் சிந்துகிறவன், கொலைகாரன் என்றும் சொன்னார். அப்பாஸிய வம்சத்தின் முதற் கலீஃபாவின் பட்டப்பெயர் அதுதான் என்பது எனக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. எருசலேமில் இரண்டாயிரத்து எழுநூறு வருடங்களுக்கு முன்பு சொல்லப்பட்ட ஒரு சொல்லை ரெக்ஸ்டேலில் ஒரு கிடங்கின் சாப்பாட்டு மேசையில் வைத்து விளங்கிக்கொள்ள முடிந்தது. இதை ஒரு வேடிக்கைக்காகச் சொல்கிறேன், வேறொன்றுமில்லை.

ஆகவே 'கொடுமை' போதாது. கொடுமை என்பது மாமியார் மருமகளுக்குச் செய்வதிலிருந்து எல்லாவற்றையும் அடக்கும் சொல். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான 'திருவிவிலியம்' இவ்விடத்தில் 'இரத்தப்பழி' என்று போட்டிருப்பது பெரிய முன்னேற்றம். நண்பர் அதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால், அதே மொழிபெயர்ப்பு இரண்டாவது சொல்லுக்கு 'முறைப்பாடு' என்பதையே வைத்திருப்பதையும் கண்டிருப்பார். பழையவர்களும் புதியவர்களும் ஒரே சொல்லிலேயே நின்றிருக்கிறார்கள். ஏன் என்று கேட்டிருக்கவேண்டாமா?

நிற்க. இந்தச் சொல்லடி காதுக்கு மட்டும் உரியதென்று நண்பர் எழுதுகிறார். இல்லை, கண்ணுக்கும் உரியது. எபிரேயத்தில் 'ஷ' வுக்கும், மிஸ்பாஹில் வருகிற 'ஸ' வுக்கும் ஒரே எழுத்துத்தான். மேலே இடப்புறம் வலப்புறம் புள்ளி வைத்துப் பிரிக்கும் வழக்கம் பல நூற்றாண்டுகள் பிந்தி வந்தது. புள்ளியை எடுத்துவிட்டால் மிஷ்பாத், மிஸ்பாஹ் இரண்டுக்கும் முதல் மூன்று எழுத்துக்கள் ஒன்றே. கடைசி எழுத்து மாத்திரம் வேறு. செதாக்கா, செஆக்கா இரண்டிலும் நடு எழுத்தொன்றுதான் மாறுகிறது. வாசிப்பவன் வரிசையாய் வந்து, நியாயம் என்றே வாசித்துக்கொண்டு வந்து, கடைசி எழுத்தில் இரத்தத்தில் காலை வைக்கிறான். போன வருடத்துக் கொப்பியில் ஆசிரியர் ஒரே ஒரு எழுத்தைச் சிவப்பு மையால் சுழித்துவிடுவதைப்போல.

இதைத் தமிழிற் கொண்டுவரவே முடியாதா? முடியாது என்பது நண்பரின் தீர்ப்பு. எனக்குச் சந்தேகம். தமிழில் 'செம்மை' என்ற சொல் நேர்மையையும் குறிக்கும், சிவப்பையும் குறிக்கும். செங்கோலும் செங்குருதியும் ஒரே அடியிலிருந்து வருகின்றன. 'செந்நெறி' என்று எழுதி, அடுத்து 'செந்நீர்' என்று எழுதிப் பாருங்கள். முன்பாதி அப்படியே ஒன்றையொன்று ஒட்டி வருகிறது. கூட்டத்தில் இதை நான் கொஞ்சம் பெருமையோடு சொன்னேன். வயதான ஒரு மாஸ்ரர், "தம்பி, நல்லாத்தான் இருக்கு, ஆனா கோயிலிலை வாசிச்சா ஆருக்கு விளங்கும்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. செந்நீர் என்பது மேடைத் தமிழ். ஏசாயா பாடியதோ தோட்டம், வேலி, ஆலை, நாற்றமடிக்கிற பழம் என்று கமக்காரன் பேசுகிற பாட்டு.

இரண்டாவது சோடிக்கு வருவோம். இங்கேதான் பழைய மொழிபெயர்ப்பாளர்களைப் பாராட்டவேண்டும் என்பேன். 'செஆக்கா' என்பது அழுகையா? அழுகைக்கு எபிரேயத்தில் வேறு சொற்கள் இருக்கின்றன. செஆக்கா வருகிற இடங்களைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஆபேலின் இரத்தம் மண்ணிலிருந்து கூப்பிடுகிறது, உடனே கடவுள் காயீனை விசாரிக்கிறார். சோதோமின் கூக்குரல் எட்டுகிறது, உண்மையா என்று பார்க்கக் கடவுளே இறங்கிப் போவதாகச் சொல்கிறார். எகிப்தில் அடிமைகளின் கூக்குரல். விதவையையும் தகப்பனில்லாப் பிள்ளையையும் ஒடுக்கினால் அவர்கள் கூப்பிடுவதைக் கேட்பேன் என்று யாத்திராகமச் சட்டம். எல்லா இடத்திலும் கூப்பிடுகிறவர், கேட்கக் கடமைப்பட்ட ஒருவரை நோக்கிக் கூப்பிடுகிறார். கேட்டவுடன் ஒரு விசாரணை தொடங்குகிறது, அல்லது தொடங்கியாகவேண்டும். ஜெர்மானிய அறிஞர் கெர்ஹார்ட் ஃபொன் ராட் ஆதியாகமத்துக்கு எழுதிய உரையில், சோதோம் பகுதியில், இதை ஒரு சட்டச் சொல்லாகவே எடுத்துக்கொள்கிறார். அநியாயம் செய்யப்பட்டவர் ஊர்கூட்டிச் சட்டத்தின் துணையைக் கேட்கும் குரல்.

ஓலம் அப்படிப்பட்டதல்ல. ஓலம் எவரையும் நோக்கி எழுப்பப்பட வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்திலே கணவன் கொலையுண்டது கேட்டுக் கண்ணகி மதுரைத் தெருக்களில் அழுது திரிவது ஒரு காதை. அரண்மனை வாயிலில் நின்று வாயிலோனிடம் சொல்லியனுப்பி, உள்ளே போய்ச் சிலம்பை உடைத்துக் காட்டுவது அடுத்த காதை. அதற்கு இளங்கோ வைத்த பெயர் 'வழக்குரை காதை'. இரண்டையும் நாங்கள் ஒன்றாகக் குழப்புவதில்லையே. பாண்டியன் வீழ்ந்தது அவளுடைய அழுகையாலல்ல, முத்துக்குப் பதிலாக மாணிக்கம் தெறித்ததால். திருவாரூரிலே பசு மணியை இழுத்த கதையும் இவ்வகைப்பட்டதே. அதே கதையை மகாவம்சம் அநுராதபுரத்தில் ஆண்ட எல்லாளன்மேலும் ஏற்றிச் சொல்கிறது. பசுவுக்குக் கூட அழுவதற்கு ஓரிடம், மணியை இழுப்பதற்கு ஓரிடம் என்று இரண்டு இருந்தன.

'முறை' என்ற சொல்லே எமக்கு நீதியைக் குறித்த சொல். முறை செய்கிற அரசனைப் பற்றி வள்ளுவர் பேசுகிறார். முறையிடுதல், முறைப்பாடு எல்லாம் அங்கிருந்து பிறந்தவை. பழைய மொழிபெயர்ப்பாளர் முதற் பாதியில் 'நீதி' என்று போடாமல் 'முறை' என்று போட்டிருந்தால், முறையை எதிர்பார்த்தவருக்குக் கிடைத்தது முறைப்பாடு என்று செதாக்காவும் செஆக்காவும் அப்படியே தமிழுக்கு வந்திருக்கும்! கைக்குள் இருந்த சொல்லை விட்டுவிட்டார்கள். இது பற்றி நண்பர் குறைப்பட்டிருந்தால் நானும் சேர்ந்து குறைப்பட்டிருப்பேன்.

பொலிஸ் நிலையச் சொல் என்ற குற்றச்சாட்டைப் பார்ப்போம். எமது நாட்டில் 'முறைப்பாடு' என்பதைத் தமிழ்நாட்டார் 'புகார்' என்பார்கள். முன்பு 'பிராது' என்றும் வழங்கியது. புகார் என்பது இந்துஸ்தானியில் கூப்பிடுதல் என்று பொருள்படும் 'புகார்' தான். பிராது என்பது பாரசீக 'ஃபர்யாத்', அதுவும் கூக்குரல், அபயக்குரல். ஆக எந்த மொழியை எடுத்தாலும் கூக்குரலாய்த் தொடங்கிய சொல் கச்சேரிக்குப் போய்க் கடதாசியாகி நிற்கிறது. இது சொல்லின் இழிவு என்று நண்பர் நினைக்கிறார். நான் அப்படி நினைக்கவில்லை. கூப்பிட்டதைக் கேட்டு எழுதிக்கொள்ள ஒருவன் கடமைப்பட்டவன் என்று மனிதர் ஏற்படுத்திக்கொண்டதன் தடயம் அது. எழுதிக்கொண்டபின் அவன் என்ன செய்தான் என்பது வேறு விடயம்.

மொழிபெயர்ப்புப் பற்றிய விவாதத்தில் சொந்தக் கதை எதற்கு என்று கேட்கக்கூடும். ஆனாலும் சொல்லவேண்டியிருக்கிறது. எனது அண்ணன் 1996இல் யாழ்ப்பாணத்தில் காணாமற்போனவர்களில் ஒருவர். அம்மா அழவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அம்மா செய்த காரியம் அழுதது அல்ல. அடுத்த நாட் காலையிலிருந்து முறைப்பாடு செய்தா. முகாம் வாசலில், பொலிசில், பிறகு வந்த ஒவ்வொரு ஆணைக்குழுவிலும். ஒவ்வொன்றுக்கும் துண்டு வாங்கி, பொலித்தீன் பையிற் போட்டு, பையைத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தா. 2014இல் அம்மா இறந்தபோது அந்தப் பை எனக்கு வந்து சேர்ந்தது. பதினேழு துண்டுகள். அவற்றில் ஐந்தில் அண்ணனின் பெயர் பிழையாக எழுதப்பட்டிருக்கிறது.

நான் இங்கு வந்து அகதி விசாரணைக்குப் போனபோது இந்தக் கதையைச் சொன்னேன். "அம்மா முறைப்பாடு செய்தா" என்றேன். மொழிபெயர்ப்பாளர் 'கொம்ப்ளெயின்' என்ற சொல்லைப் போட்டார். பிழையில்லை, அகராதியிலும் அதுதான். ஆனால் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு முறையிடுவதும் பொருள், முணுமுணுப்பதும் பொருள். விசாரித்தவர், அம்மா யாரிடம் குறைப்பட்டுக்கொண்டா, அயலட்டையிலா என்று கேட்டார். எனக்கு ஒருகணம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும், எழுந்து நின்று, இல்லை, எழுத்தில், இலக்கம் போட்டு, துண்டோடு என்று எனது உடைந்த ஆங்கிலத்தில் நானே சொன்னேன். பிற்பாடு யோசித்தால், அந்தக் கேள்வியை அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டதும், நான் நேரே திருத்தியதும்கூட ஒரு வழக்கினால் வந்தது. அகதிக் கோரிக்கையாளரின் நம்பகத்தன்மை கேள்விக்குள்ளாகும்போது அவரை நேரில் வைத்துக் கேட்கவேண்டும் என்று 1985இல் கனடா உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பென்றால் கடதாசியில் அந்தச் சொல் முணுமுணுப்பாகவே கிடந்திருக்கும்.

இப்போது நண்பர் 'ஓலம்' என்று போடச் சொல்கிறார். போட்டால் என்ன நடக்கும்? 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தாய்மார் படங்களோடு உட்கார்ந்தார்கள். அந்தப் போராட்டம் வருடக்கணக்காகத் தொடர்ந்தது. வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கு அனுப்பப்பட்ட படங்களில் அவர்கள் எப்போதும் அழுதுகொண்டிருப்பார்கள். வாய் திறந்திருக்கும், கை தலையில் இருக்கும். படம் பார்ப்பவருக்கு இரக்கம் வரும். ஆனால் அவர்கள் கையில் இருந்தது பட்டியல். ஒப்படைத்த நாள், ஒப்படைத்த இடம், கண்டவர் பெயர். காணாமற்போனோர் பற்றிய அலுவலகம் 2018இல் இயங்கத் தொடங்கியபோது அதை நம்ப மறுத்தவர்களும் அவர்களே. முறைப்பாடு செய்து பழகியவர்களுக்குத்தான் எது விசாரணை, எது விசாரணைபோல என்று தெரியும். ஓலம் என்றால் இரங்கிவிட்டுப் போகலாம். முறைப்பாடு என்றால் பதில் சொல்லவேண்டும். இந்த வித்தியாசத்தை அழிப்பதற்கு மொழிபெயர்ப்பாளர்கள் துணைபோகக்கூடாது.

ரெக்ஸ்டேல் கூட்டத்தில் ஒரு அன்ரி, மன்னார்ப் பக்கத்தவர், கடைசிவரைக்கும் ஒன்றும் பேசாமல் இருந்தா. ஓலம் என்ற சொல் வாசிக்கப்பட்டதும், "ஓலம் செத்தவீட்டிலை வைக்கிறது தம்பி. இவை செத்தவை எண்டு ஆர் சொன்னது?" என்று மட்டும் கேட்டா. சட்டப்படி யோசித்தாலும் அதுதான் சரி. மரணச் சான்றிதழ் வாங்க மறுக்கிற தாய்க்கு ஓலம் என்ற சொல்லைக் கொடுப்பது, சான்றிதழைக் கையில் திணிப்பதற்குச் சமம்.

இன்னொன்று. எம்மிடையே 'நியாயத்தீர்ப்பு' என்றாலே கடைசி நாள், எக்காளம், புத்தகம் திறக்கப்படுதல் என்று நினைவு ஓடுகிறது. சபைகளிலும் அப்படித்தான் பிரசங்கிக்கப்படுகிறது. ஆனால் இந்தப் பாட்டில் மிஷ்பாத் கடவுள் வழங்குவது அல்ல, கடவுள் எதிர்பார்த்துக் காத்திருப்பது. வழங்கவேண்டியவர்கள் எருசலேமின் நியாயாதிபதிகளும் காணிக்காரரும். பாட்டின் நடுவே தோட்டக்காரன், எனக்கும் என் தோட்டத்துக்கும் நடுவே நீங்களே தீருங்கள் என்று கேட்பவர்களிடம் விடுகிறான். அவர்கள் தலையாட்டி முடிந்தபின்தான் தோட்டம் நீங்கள்தான் என்கிறான். தாவீதுக்கு நாத்தான் ஆட்டுக்குட்டிக் கதை சொன்ன அதே தந்திரம். எல்லாவற்றையும் கடைசி நாளுக்கு ஒத்திவைக்கிற பிரசங்கியார்களுக்கு இந்த வசனம் வசதியானதல்ல, ஆகவே அவர்கள் வேகமாக அடுத்த வசனத்துக்குப் போய்விடுகிறார்கள்.

யாழ்ப்பாணத்தாருக்கு வேதாகமத் தமிழில் கொஞ்சம் உரித்து உண்டு என்பதையும் நண்பருக்கு நினைவூட்டலாம். பீற்றர் பேர்சிவலோடு ஆறுமுக நாவலர் இருந்து உழைத்த மொழிபெயர்ப்பு 1850இல் வந்தது. சென்னையிலிருந்தவர்கள் அதை ஏற்கவில்லை. பிறகு பவர் ஐயர் தலைமையில் 1871இல் முழுமையாக வந்ததே எங்கள் வீடுகளில் இருந்த பழைய வேதாகமம். சைவத்தைக் காக்கப் பின்னர் பாதிரிமாருடன் மல்லுக்கட்டிய ஒருவர், வேதாகமத்தின் தமிழ் பிழைபடக்கூடாதென்று வருடக்கணக்காகப் பாடுபட்டார். அதனால் அந்தத் தமிழைத் தொடக்கூடாது என்று சொல்லவரவில்லை. கொடுமையை இரத்தப்பழியாக்கியது போல, தொடவேண்டிய இடத்திலே தொடவேண்டும்.

கடைசியாக நண்பரிடம் ஒரு கேள்வி. இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் எட்டாம் அதிகாரத்தில் சூனேமியாள் ஒருத்தி வருகிறாள். பஞ்சத்துக்குத் தப்பி ஏழு வருடம் பெலிஸ்தரின் நாட்டில் அந்நியளாய் இருந்துவிட்டுத் திரும்புகிறாள். வந்து பார்த்தால் வீடும் வயலும் அவளிடம் இல்லை. அரசனிடம் போகிறாள். மூலத்தில் அவள் போனது 'செஆக்கா' செய்ய, அதே வினையடி. அரசன் கேட்கிறான், விசாரிக்கிறான், ஒரு அதிகாரியை நியமித்து, வீட்டையும் வயலையும் மட்டுமல்ல, அவள் போன நாளிலிருந்து வயலில் விளைந்தது எல்லாவற்றின் பலனையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறான். அவள் அங்கே ஓலமிட்டாளா, முறைப்பாடு செய்தாளா? அடுத்த இதழில் நண்பர் இதற்குப் பதில் எழுதினால் வாசிக்க ஆவலாயிருக்கிறேன்.